உறவுக்காரர் இல்லாத மலை

குளியலறைக் கதவை மைத்துனன் பாலேந்திரா மூன்றாவது தடவையாகத் தட்டினான்.

"அத்தான், உள்ளுக்கோ இருக்கிறியள்?"

"ஓம்."

"வயித்துக்குள்ள ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை. இந்தா வாறன்."

குகதாசனின் வயிற்றில் ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பனிச்சறுக்கு மலைகளைப் பற்றிய பிரசுரம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். லண்டன் டூட்டிங்கில் இருந்த அந்த வீட்டில், உள்ளிருந்து பூட்டக்கூடிய அறை அது ஒன்றுதான்.

கல்யாணமாகி ஐந்து வருடம். மனைவி வசந்தமலரோடு அவர் தனியாக இருந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மத்தியானம் தேறும். மலரின் தம்பி பாலேந்திரா, கல்லூரி திறக்கும்வரை இரண்டு கிழமை தங்கிப்போக வந்தவன், ஐந்து வருடமாக முன்னறைச் சோபாவில் படுக்கிறான். குகதாசனின் சின்னம்மா மகள் பாலாம்பிகையும் அவள் புருஷன் இராஜேந்திரனும், வேறு வீடு கிடைக்கும்வரை என்று வந்து மூன்று வருடமாக மேல்மாடியில் இருக்கிறார்கள். அவர்களுடைய அறைக்கும் இவர்களுடைய அறைக்கும் நடுவே ஒரு பலகைதான் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் படுத்தபடியே "நூறு வயசு" சொல்லலாம்.

அந்தப் பாலாம்பிகைதான் ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் தவறாமல், "என்ன மச்சாள், இன்னும் ஒரு விசேஷமும் இல்லையோ?" என்று மலரைக் கேட்பாள். பலகைக்கு அந்தப் பக்கம் படுப்பவளுக்கு என்ன பதில் சொல்வது?

இதில் வேடிக்கை, குகதாசனுக்குக் கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் வேலை. ஒரு வீட்டில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஊராருக்கெல்லாம் கடிதம் எழுதுவது அவர்தான்.

பிரசுரத்தைக் கொடுத்தது அவரோடு வேலை செய்யும் மார்கரெட். "தம்பதிகளாகப் போவதென்றால் நீளமான, சரிவு குறைந்த பாதை உள்ள மலையாகப் பார்" என்று அவள் புத்தி சொல்லியிருந்தாள். "செங்குத்தான மலைக்கு என் முதல் புருஷனோடு போனேன். இறங்கி முடிய எனக்குப் புருஷன் இல்லை."

"செத்துப்போனாரா?"

"இல்லை. கோபித்துக்கொண்டு போனார்."

மலை தேடத் தொடங்கியபோதுதான் குகதாசனுக்குத் தன் உறவின் பரப்பளவு தெரிந்தது. சுவிஸில் மலரின் மாமி மகன். பிரான்ஸ் என்றால் பாரிஸில் நாலு குடும்பம் சோற்றுப் பார்சலோடு ஸ்டேஷனுக்கே வந்து நிற்கும். நோர்வேயில் பள்ளித் தோழன். கனடாவைப் பற்றிப் பேச்சே இல்லை, அரைவாசி ஊர் அங்கேதான். உலகப் படத்தில் கடைசியாக மிஞ்சியது அமெரிக்காவின் மேற்குப் பக்கம். அங்கே சில்வர் ஹாலோ என்றொரு மலை. மூன்று மைல் நீளம், மெதுவான சரிவு, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே இறங்கலாம் என்று போட்டிருந்தது. மூன்று மைல் தூரத்துக்கு யாரும் குறுக்கே வந்து ரிமோட் எங்கே என்று கேட்கமாட்டார்கள். குகதாசனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மனைவியிடம் சொல்வதற்கு அவளை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர்களுடைய அந்தரங்கப் பேச்சுகள் எல்லாம் அங்கேதான் நடக்கும்.

மலர் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "ஒரு சனமும் இல்லை."

"அதுக்குத்தான் மலர்."

"வடிவாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஃபிரிட்ஜைத் திறந்தாலே விறைக்குமே."

"நான் பக்கத்தில நிப்பன்தானே. நீர் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்."

"நான் ஏன் விடப்போறன்?" என்றாள் மலர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த நாள் மாலை வேலையால் வந்த குகதாசனுக்குத் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே பாலாம்பிகை கேட்டாள்.

"அண்ணை, அமெரிக்காவில ஏதோ மலைக்குப் போறியளாம்?"

தேத்தண்ணீர் புரைக்கேறியது. "ஆர் சொன்னது?"

"தியாகராஜா அண்ணையின்ர கடையில கதைச்சினம்."

அப்பர் டூட்டிங் வீதியில் தியாகராஜாவின் பலசரக்குக் கடையில் ஒரு செய்தி காலையில் விழுந்தால், மாலைக்குள் அது லண்டனின் மறுகோடி வெம்பிளிக்குப் போய்த் திரும்பிவிடும். யார் போட்டிருப்பார்கள்? மார்கரெட் முருங்கைக்காய் வாங்குகிறவள் இல்லையே என்று குகதாசன் குழம்பினார்.

"எங்களை விட்டிட்டோ போகப் பாத்தனி?" என்றார் இராஜேந்திரன் மனவருத்தத்தோடு. "நாங்களும் வாறம்."

குகதாசன் அவசரமாகப் புத்தியைப் பாவித்தார். "மச்சான், அது சரியான ஆபத்து. வழுக்கினா எலும்பு மிஞ்சாது."

"இல்லையே" என்று குசினிக்குள் இருந்து மலரின் குரல் வந்தது. "மெதுவான சரிவு எண்டெல்லோ சொன்னீங்கள். குழந்தைப்பிள்ளையும் இறங்கலாமாம்."

குகதாசன் குசினிப் பக்கம் முறைத்தார். மலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த உலகத்தில் இவ்வளவு சூதுவாது தெரியாத பெண்ணும் உண்டா என்று அவருக்கு இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"அதோட, அங்கை சோடிகள் மட்டும்தான் போகலாம்" என்றார். இது அவருடைய சொந்தச் சட்டம். "பாலேந்திராவைத் தனிய விட்டிட்டு எல்லாரும் போறது சரியில்லை. விட்டிடுவம்."

சோபாவில் படுத்திருந்த பாலேந்திரா எழுந்து உட்கார்ந்தான். பேசிவந்த சம்பந்தம் எல்லாவற்றையும் நாலு வருடமாகத் தட்டிக்கழித்தவன். "எல்லாரும் போக நான் மட்டும் இஞ்சை தனிய இருந்து என்ன செய்யிறது? ஆர் சமைக்கிறது?" என்று யோசித்துவிட்டு, "அப்ப நான் கட்டுறன்" என்றான்.

மலர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தாள். "பேர் கோதை. வால்தம்ஸ்டோவில இருக்கிறா. பார்மசியில வேலை, சொந்தமா ஒரு ஃபிளாட். சாதகம் பொருந்தியிருக்கு."

மூன்றாவது கிழமை பதிவுத் திருமணம் முடிந்தது. தேனிலவுக்கு எங்கே போகிறீர்கள் என்று யாரோ கேட்க, மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக, "அத்தானோட மலைக்கு" என்றான். அதுவரை மலையில் நாலு பேர். இப்போது ஆறு.

குகதாசன் மனந்தளரவில்லை. சிறு கூட்டத்தைப் பெரிய கூட்டமாக்கினால் அது தானாகவே உடையும் என்பது லண்டன் தமிழர் வரலாறு. அவர் நேரே ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் போய், சங்கமே பயணத்தை எடுத்து நடத்தட்டும் என்றார். ஸ்ரீஸ்கந்தராஜா கலந்துகொண்ட எந்த விஷயமும் உடையாமல் முடிந்ததில்லை.

வெம்பிளியில் கூட்டம் நடந்தது. நீளமான பாதைதான் வேண்டும் என்று ஒரு கட்சி எழுந்தது. சரிவு குறைந்த பாதைதான் வேண்டும் என்று இன்னொரு கட்சி எழுந்தது. குகதாசனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் சங்கம் இரண்டாகியிருக்கும். அதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து மலர் அடக்கமாகக் கையை உயர்த்தி, "இவர் சொல்லுற மலையில ரெண்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு கட்சிக்கும் பெரிய ஏமாற்றம். வேறு வழியில்லாமல் ஒற்றுமையானார்கள்.

"சுவிஸ் கிட்ட. நீங்கள் எல்லாரும் சுவிஸுக்குப் போகலாமே" என்று குகதாசன் கடைசியாக முயன்று பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "தலைவர் போறதுக்கு ஒரு மலை, எங்களுக்கு வேற மலையோ?"

"நான் எப்ப தலைவரானனான்?"

"இப்பத்தான்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே. பனிச்சறுக்கு உபகுழுவுக்குத் தலைவராகக் குகதாசன் ஏகமனதாகத் தெரிவானார். மலைக்குப் பதினொரு சோடிகள். ஆளுக்கொரு புட்டுக்குழல் வேண்டாம், குழுவுக்கு மூன்று போதும் என்று தீர்மானம் நிறைவேறியது.

அதன் பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. இராஜேந்திரன் மட்டைப்பெட்டியை விரித்து, அதில் குந்தி, மாடிப்படியில் சறுக்கிப் பழகினார். முதல் நாள் செருப்புத் தட்டு உடைந்தது. இரண்டாம் நாள் தபால் போட வந்த மனிதர் கதவைத் திறக்கச் சொன்னபோது இராஜேந்திரனே கதவுவரை வந்து சேர்ந்தார். பாலேந்திராவும் கோதையும் கையைக் கோத்துக்கொண்டு முன்னறைக் கம்பளத்தில் சறுக்கினார்கள். பாலாம்பிகை ஐந்து கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சமைத்தாள், பழகவேண்டுமாம். புதுப்பெண்ணோடு வீட்டில் இப்போது ஆறு பேர். குளியலறையில்கூடக் குகதாசனுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒருநாள் மாலை பிரசுரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் தனியாகப் போய் உட்கார்ந்தார். அங்கேயும் ஒருவர் வந்து, மலையில் சோறு கிடைக்குமா என்று கேட்டார்.

விசாவுக்கு எல்லாரும் பாஸ்போட்டுகளைத் தபாலில் அனுப்பினார்கள். குகதாசனுடையதையும் தன்னுடையதையும் மலரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு கிழமையில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இராஜேந்திரனுக்கு விசா. பாலாம்பிகைக்கு விசா. நேற்றுக் கல்யாணம் கட்டிய பாலேந்திராவுக்கும் விசா. இவர்கள் இருவருடைய பாஸ்போட்டை மட்டும் காணவில்லை. தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், அப்படி ஒன்று வந்து சேரவில்லையே, பொறுத்துப் பாருங்கள் என்றார்கள்.

"பதிவுத் தபாலிலதானே போட்டனீர்? துண்டு எங்கை?"

"கைப்பைக்குள்ள எங்கையோ கிடந்தது. தேடித் தாறன்" என்றாள் மலர். துண்டு அகப்படவே இல்லை.

பெப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் பெரிய வான் ஒன்று வந்து நின்றது. பாலாம்பிகை கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணை, நீங்கள் இல்லாமல் எப்பிடிப் போறது? நாங்களும் நிக்கிறம்."

குகதாசன் வாயைத் திறக்குமுன் மலர் முந்திக்கொண்டாள். "அது கூடாது மச்சாள். எங்கட விதிக்கு நீங்கள் ஏன் கவலைப்பட வேணும்? ரெண்டு கிழமையும் வடிவா நிண்டு வாங்கோ. அவசரப்பட்டு வரவேண்டாம்." எல்லாருக்கும் இடியப்பமும் சம்பலும் பொதி கட்டிக் கொடுத்திருந்தாள். பாலேந்திராவின் சாமான்களை அவளே மடித்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் மூன்று பெட்டியில் அடுக்கி, வால்தம்ஸ்டோ ஃபிளாட்டில் இறக்கிவிட்டுப் போகும்படி வானுக்குள் ஏற்றினாள். இராஜேந்திரன் தன் மட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

வான் மூலையில் திரும்பியது. குகதாசன் வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கும் தெரியாமல் அவர் கண்டுபிடித்த மலை. அவருடைய மூன்று மைல். அதில் இனி ஸ்ரீஸ்கந்தராஜா சறுக்கப் போகிறார்.

உள்ளே வந்து முன்னறைச் சோபாவில் விழுந்தார். சோபாவில் முழுதாக விழுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. ஆனால் அது அப்போது மனதில் படவில்லை.

மலர் இரண்டு தேத்தண்ணீரோடு வந்தாள். தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குப் பிறகு கட்டாத அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மன்னியும் மலர்" என்றார் குகதாசன். "உம்மை ஒரு இடத்துக்குத் தனியக் கூட்டிக்கொண்டு போகத் துப்பில்லாத மனிசன் நான். அஞ்சு வருஷத்தில ஒண்டு கேட்டன், அதுவும் கைக்கு வரேல்லை."

"பரவாயில்லை, தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"நீர் எவ்வளவு ஆசையோட அந்தப் படத்தைப் பாத்தனீர்."

"ஓம். ஒரு சனமும் இல்லாமல் எவ்வளவு நல்லா இருந்தது" என்று மலர் அவர் தோளில் தலையைச் சாய்த்தாள். மேலே யாரும் தும்மவில்லை. ரிமோட் மேசையில் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. குகதாசனே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். பலசரக்குக் கடைத் தியாகராஜா, ஒரு பையில் மீனும் முருங்கைக்காயுமாக நின்றார். மற்றக் கையில் மிளகாய்த்தூள் படிந்த பழுப்பு உறை ஒன்று இருந்தது.

"தம்பி, இதைத் தங்கச்சியிட்டைக் குடுத்திடுங்கோ. முதல்ல மலைக்கதையை ஊர் முழுக்கப் பரப்பச் சொன்னவா, பரப்பினன், எல்லாரும் வெளிக்கிட்டுப் போகுமட்டும் உங்கட ரெண்டு பேரின்ர பாஸ்போட்டையும் கடையில ஒளிச்சு வைக்கச் சொன்னவா, வைச்சன், இனிப் பயமில்லைத்தானே?"