பெருங்காயம் துப்பறிந்த சாம்பார்

வேவு பார்க்கப் போகிறவன் காற்றைப் போல நுழைந்து காற்றைப் போல வெளியேற வேண்டும் என்பார்கள். எங்கள் பெருங்காயம் ஒரு தெருவுக்குள் நுழையும் முன்பே, காற்று நாலு கடை தாண்டிப் போய் "வந்துட்டாரு" என்று சொல்லிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டுமல்ல, இந்தப் பூலோகத்திலேயே தன் வாசனையாலேயே பிடிபட்டுவிடக் கூடிய ஒரே உளவாளி அவர்தான். இதை யாராவது மறுத்தால் நான் சண்டைக்கு வரத் தயார்.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது, தெரிந்தவர் யாரையும் நான் பார்த்ததுமில்லை. மடியில் எப்போதும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டிப் பெருங்காயம் வைத்திருப்பார். ஓட்டலில் போடுகிற பெருங்காயத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "அது பெருங்காயமா தம்பி? பிசினும் மாவும்" என்பார். குளித்தாலும் போகாது, வேட்டி மாற்றினாலும் போகாது, அப்படி ஒரு வாசனை. பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

முப்பதுகளின் கடைசி அது. உலகச் சண்டை இன்னும் வரவில்லை. நான் போடியில் ஒரு காபி கிளப் முதலாளியிடம் கணக்குப்பிள்ளை. முதலாளி வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பெஞ்சு அவருக்குத்தான். போடி, தேனி, சின்னமனூர், கம்பம் என்று நாலு ஊரில் அவருக்கு கிளப் இருந்தது. நாலு ஊரிலும் அவர் தலை மறைந்ததும் சாம்பாரில் தண்ணீர் ஏறுகிறது என்று ஒரு சந்தேகமும் இருந்தது.

"கர்த்தர் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தேன் இருக்காரு" என்றார் ஒருநாள் என்னிடம். "ஆனா சாம்பாரப் பத்தி எனக்கு வந்து சொல்ல மாட்டாருய்யா. அதுக்கு ஒரு ஆளு வேணும்."

யாருக்கும் தெரியாமல் கிளப் கிளப்பாகப் போய்ச் சாப்பிட வேண்டும், எது நன்றாக இருக்கிறது, எது நன்றாக இல்லை, எந்த சப்ளையர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்று வந்து சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ஊரில் இத்தனை பேர் இருக்க, முதலாளி பிடித்துக்கொண்டு வந்தது பெருங்காயத்தை! நாக்கு நல்ல நாக்கு என்று யாரோ சிபாரிசு செய்தார்களாம். மூக்கு என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறதே, அதை யாரும் யோசிக்கவில்லை.

மாறுவேடம் போட அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை கறுப்பு வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, குச்சனூர் சனீஸ்வரனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வரும் விரதக்காரராகத் தேனி கிளப்பில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நாலு இட்லி, இரண்டு வடை, ஒரு பொங்கல் என்று சொன்னார்.

சப்ளையர் பயபக்தியோடு கேட்டான். "சாமி, வெரதமில்லையா?"

"வெரதந்தேன். சனி பகவான் நாக்குல வந்து உக்காந்திருக்காரு. இட்லி அவருக்கு. நீ கொண்டாப்பா."

இன்னொரு தடவை சின்னமனூரில் ஏலக்காய் வாங்க வந்த மலையாளத்துக்காரர் வேடம். முண்டு கட்டி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "சேட்டா, எந்தா உள்ளது?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தார். அதுவரைக்கும் பழுதில்லை. சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்ததும் மலையாளம் மலையேறிவிட்டது.

"ஏலே, தேங்காய அரைச்சியா, செரட்டைய அரைச்சியாடா?"

சத்தம் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கேட்டதாம். ஆனால் அவர் வாயைத் திறந்துதான் பிடிபட வேண்டும் என்றில்லை. மூன்று மாதத்துக்குள் நாலு கிளப்பிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வாசலில் பெருங்காயம் மணத்ததும் சப்ளையர் அடுப்படியைப் பார்த்து, "மாமனாரு வந்துட்டாக!" என்று குரல் கொடுப்பான். உடனே புதுச் சட்னி, முதல் டிகாக்‌ஷன், நெய் ஊற்றிய பொங்கல். மாப்பிள்ளை வீட்டில் மாமனாருக்கு நடக்கிற உபசாரம் அத்தனையும் நடக்கும்.

சில நாள் வாசனை எதிர்க்காற்றில் போய், ஆள் வந்தது தெரியாமல் போய்விடும். அன்றுதான் வினை. சாம்பார் வாயில் பட்டதும் எழுந்து நேராக அடுப்படிக்குப் போய்விடுவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். "தள்ளுங்கடா, கொத்தமல்லிய இப்பிடியா வறுப்பாக?" என்று கரண்டியைப் பிடுங்குவார். தானே வறுத்து, தானே அரைத்து, தானே கொதிக்கவைத்து, திரும்பவும் முன்னால் வந்து உட்கார்ந்து தானே சாப்பிடுவார். பிறகு போடிக்கு வந்து, "மொதலாளி, சின்னமனூர் சாம்பாரு அமிர்தம்!" என்று முகம் மலரச் சாட்சி சொல்வார். முதலாளியும் "ஸ்தோத்திரம்" என்பார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குடத்துப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஓசிச் சோறு தின்று ஊர் சுற்றுகிறார் என்று நான் ஒருநாள் வாய்விட்டேன். மனுஷருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஓசிச் சோறுன்னு நெனைச்சுராதீக தம்பி. பசிச்சுத் திங்குறது சொகம். சோலிக்காகத் தின்னு பாருங்க, அப்பத் தெரியும். காலையில தேனியில பொங்கலு. அது செரிக்கும் முன்ன சின்னமனூருல சாப்பாடு. நல்லாருந்தா இன்னொரு கரண்டி கேக்கக் கூடாது, நல்லால்லாட்டித் துப்பக் கூடாது. வகுறு என்ன கிளப்புக் கல்லாவா, போட்டதையெல்லாம் வாங்கிக்க?"

இதற்குள் முதலாளிக்கே சந்தேகம் வந்திருந்தது. "ஏய்யா கணக்கு, இந்த ஒளிஞ்சு திங்குற ஏற்பாட்டால நமக்குப் பிரயோசனம் உண்டா? எங்கன போனாலும் அமிர்தம் அமிர்தம்னே சொல்றாரு. அமிர்தத்துக்கு எதுக்குய்யா உளவாளி?"

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கும் முன்பே கம்பத்துப் பிரச்சனை வந்துவிட்டது.

கம்பம் கிளப்பில் சமையலைக் கவனிக்கிற சரக்கு மாஸ்டர் கைப்பக்குவத்தில் பெரிய ஆள். அவர் சாம்பாருக்காகவே கூடலூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அப்பேர்ப்பட்ட சாம்பாரில் திடீரென்று ஒருநாள் உப்பே இல்லை, மறுநாள் ஒரே உப்பு என்று புகார் மேல் புகார். முதலாளிக்குக் கோபம் வந்தால் வேத வசனமெல்லாம் மறந்துவிடும்.

"நீரு போய்த் தின்னு பாரும்" என்றார் பெருங்காயத்திடம். "மாஸ்டரு சரியில்லன்னு ஒரு வார்த்த வந்து சொல்லும். அன்னைக்கே அவர அனுப்பிட்டு வேற ஆளப் போட்டுருதேன்."

மாஸ்டரின் மகளுக்குச் சுருளிப்பட்டியில் பரிசம் போட்டு, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நிலம் நீச்சு உள்ள சம்சாரிகள். பெரிய கிளப் மாஸ்டர் வீட்டுப் பெண் என்றுதான் சம்மதித்திருந்தார்கள். வேலை போனால் சம்பந்தமும் போய்விடும். பெருங்காயத்தின் ஒரு வார்த்தையில் ஒரு பெண்ணின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

போனவர் இரண்டு நாளில் திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. கம்பம் பஸ் டிரைவர் வந்து, "இன்னும் சரியாத் தெரியலயாம், இன்னும் தின்னு பாக்கணும்னு சொல்லச் சொன்னாக" என்றார். அடுத்த வாரமும் அதே சேதி. அதற்கடுத்த வாரமும் அதே சேதி. ஆடி பிறந்துவிட்டது. கம்பத்திலிருந்து புகார் மட்டும் நின்றுபோயிருந்தது.

"சாம்பாரத் திங்கப் போனாரா, கட்டிக்கிடப் போனாரா?" என்று முதலாளி குதித்தார். "வாய்யா, நம்மளே போய் ஒளிஞ்சு தின்னு பாத்துருவோம்."

முதலாளி பெரிய முண்டாசு கட்டி, கம்பளியைப் போர்த்தி, மாட்டு வியாபாரி ஆகிவிட்டார். அந்த உச்சி வெயிலில் கம்பளி! நான் அவருக்குத் தம்பியாம். கம்பத்தில் இறங்கி, கிளப்பில் மூலையாகப் பார்த்து உட்கார்ந்தோம். சப்ளையருக்கு அடையாளம் தெரியவில்லை. இலை போட்டான், சோறு வைத்தான், சாம்பார் ஊற்றினான். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது முதலாளி கண்ணை மூடிக் கையைக் கூப்பினார்.

பிறந்ததிலிருந்து ஜெபம் பண்ணாமல் ஒரு கவளம் சோறு வாயில் வைத்திராத மனுஷர். பழக்கம் விடுமா? "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்து, "போடி கிளப்ப ஆசீர்வதியும், தேனி கிளப்ப ஆசீர்வதியும்" என்று கணீரென்று வரிசையாகப் போனார். சப்ளையர் வாளியை அப்படியே கீழே வைத்தான். ஒரே ஓட்டமாக அடுப்படிக்கு ஓடினான்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி தெரிந்தது. அங்கே சட்டையில்லாமல், கையில் கரண்டியோடு பெருங்காயம்! பக்கத்தில் மாஸ்டர்.

"மொதலாளி வந்துட்டாக! ஓடுங்கண்ணே, பின்வாசல் தெறந்துதேன் கெடக்கு!" என்றான் சப்ளையர்.

பெருங்காயம் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்வாசல் வரைக்கும் போனவர் சட்டென்று நின்றார். திரும்பினார். "ரெண்டாவது அண்டாவுக்கு இன்னும் உப்புப் போடலயே!" என்று சொல்லிக்கொண்டே உப்புச் சாடிக்குள் கையை விட்டார்.

"ஆமென்" என்று முதலாளி கண்ணைத் திறந்தார். நேர் எதிரே, அடுப்படியில், கை நிறைய உப்போடு அவருடைய உளவாளி நின்றார்.

முதலாளி எழுந்து அடுப்படிக்குள் போனார். மாஸ்டர்தான் முந்திக்கொண்டு பேசினார். "எனக்கு மலைக்காச்சல் வந்துச்சு மொதலாளி. அந்தக் கசப்புக் கொயினா மருந்தக் குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. உப்பும் தெரியல, ஒறப்பும் தெரியல. வெளிய சொன்னா பொழப்புப் போயிரும்னு சொல்லல. இவுக மொத நாளே கண்டுபிடிச்சிட்டாக."

"கண்டுபிடிச்சிட்டு ஏன்யா வந்து சொல்லல?" என்றார் முதலாளி பெருங்காயத்தைப் பார்த்து.

"என்னத்தச் சொல்ல? பக்குவமெல்லாம் இன்னைக்கும் அவரு கைதேன். உப்பு பாக்க மட்டும் ஒரு நாக்கு வேணும், அத நான் குடுத்தேன். ஆவணி முடியட்டும்னு இருந்தேன்." கையிலிருந்த உப்பை அண்டாவில் போட்டுக்கொண்டே சொன்னார். "மொதலாளி, கேட்டீகளாமே, ஒளிஞ்சு திங்குறதுல பிரயோசனம் உண்டான்னு. ஒரு பிரயோசனமும் கெடையாது. தப்புக் கண்டுபிடிக்க ஒரு ஆளுக்குச் சோறு போடுறீக. அந்தச் சோத்தத் தப்பச் சரி பண்ணுறவனுக்குப் போடுங்க. என்னைய அனுப்பிருங்க, அவர அனுப்பாதீக. நான் ஒண்டிக்கட்ட, எங்கனயாவது பொழச்சுக்கிருவேன்."

இத்தனை நாள் இந்த மனுஷரைப் பார்த்தா சிரித்தோம் என்று எனக்கு இருந்தது. முதலாளி கம்பளியைக் கழற்றிக் கீழே போட்டார். அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சாம்பாரைக் கையில் ஊற்றி உறிஞ்சினார்.

"ஒளிஞ்சு திங்குற வேல இன்னையோட முடிஞ்சுபோச்சு" என்றார். மாஸ்டர் முகம் செத்துவிட்டது. "இனிமே நீரு இங்கனயே இரும். மாஸ்டருக்கு நாக்கா இரும். இந்தச் சாம்பார விட்டுப்புட்டு நான் எங்கய்யா போறது? ஏலே, எனக்கு இன்னொரு கரண்டி ஊத்து!"

ஆவணியில் சுருளிப்பட்டியில் கல்யாணம். மகள் கல்யாணத்துக்குச் சாம்பாரை நான்தான் வைப்பேன் என்று மாஸ்டர் பிடிவாதமாக நின்று வைத்தார். பந்தி போடும் நேரத்தில், அடுப்படிக்குள் போகப் பார்த்த பெருங்காயத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சம்பந்திகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். "இவுக யாரு?" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார். மாஸ்டர் யோசிக்கவே இல்லை. "எங்கண்ணன். பொண்ணுக்குப் பெரியப்பா" என்றார்.

பெருங்காயம் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமுன் அப்படி ஓர் உறவுமுறை சொல்லி அவரை யாரும் அழைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாம்பார் வந்தது. ஒரு வாய் வைத்தேன். துளி உப்பில்லை. போடுகிறவரைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டால் உப்பு யார் போடுவது? நான் பயத்தோடு பெருங்காயத்தைப் பார்த்தேன். சட்னிக்கு ஊரைக் கூட்டுகிற மனுஷர் ஆயிற்றே! மாஸ்டர் எதிரே வந்து, கை பிசைந்துகொண்டு, "எப்பிடிண்ணே இருக்கு?" என்று கேட்டார்.

"பிரமாதம்" என்றார் பெருங்காயம். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, பிசைந்து சாப்பிட்டார். இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பை அவர் தொடவே இல்லை. நானும் தொடவில்லை.