பால் விடாத தேத்தண்ணி

"பால் விடாதையும்!" என்று நாகலிங்க மாஸ்டர் மனைவியின் கையிலிருந்த செம்பை எட்டிப் பிடித்தார்.

இரத்தினம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன் விறாந்தையில் சாவகச்சேரியிலிருந்து பெண் பார்க்க வந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மகள் கமலாவதி சீலை உடுத்து, அறைக்குள் காத்திருந்தாள். இந்த நேரத்திலா இந்த மனுசனுக்கு விஞ்ஞானம்?

"இஞ்சருங்கோ, வெறுந்தேத்தண்ணி குடுத்தால் அவை என்ன நினைப்பினம்?"

"ஊரெல்லாம் புளூக் காய்ச்சல். தேயிலையின்ரை துவர்ப்பு அந்தக் கிருமியைப் பெருகவிடாதாம். கண்ணாடிக் குழாய்க்குள்ளை விட்டுப் பாத்திருக்கிறாங்கள், பேப்பரிலை கிடக்கு. பால் விட்டால் துவர்ப்புப் போயிடும்."

"பேப்பர்க்காரனோ எங்கடை பிள்ளையைக் கட்டப்போறான்?"

அதற்குள் அவர் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். தேயிலையைக் கால் மணித்தியாலம் அவித்திருந்தார். கோப்பைகளுக்குள் மை மாதிரிக் கிடந்தது.

மாப்பிள்ளையின் தாய் தங்கமுத்து ஒரு மிடறு குடித்தாள். சுருங்கிய முகம் பிறகு விரியவே இல்லை.

"மாடு வத்திப்போச்சோ?"

"ஐயோ இல்லை, ரண்டு மாடு கறக்குது," என்றாள் இரத்தினம்மா. அது இன்னும் மோசம் என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. பாலை வைத்துக்கொண்டே கொடுக்கவில்லை என்றல்லவா ஆகிவிட்டது! அவசரமாகச் சமாளித்தாள். "இது... மருந்துத் தேத்தண்ணி."

தங்கமுத்து கோப்பையைக் கீழே வைத்தாள். "மருந்தோ? இந்த வீட்டிலை ஆருக்கு வருத்தம்?"

"இஞ்சை ஒருத்தருக்கும் இல்லை," என்று மாஸ்டர் சிரித்தபடி முந்திக்கொண்டார். "வந்த ஆக்களுக்குத்தான்."

மாப்பிள்ளையும் தகப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இரத்தினம்மா ஓடிப்போய்ப் பால் செம்பை எடுத்துவந்து, மாப்பிள்ளையின் கோப்பையில் தானே ஊற்றப் போனாள். மாஸ்டர் குறுக்கே கையை நீட்டினார். பால் முழுவதும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில்.

மாஸ்டர் வேட்டியைக் கவனிக்கவேயில்லை. "குடிக்க ஏலாட்டி, கொப்பளிச்சுத் துப்புங்கோ. அதுகும் நல்லது."

மூன்று பேரும் ஒன்றாக எழும்பினார்கள். பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை. வாசல் படலை அடித்துச் சாத்தப்பட்டது.

"அம்மா, நான் சீலையை மாத்தட்டோ?" என்று அறைக்குள்ளிருந்து கமலாவதி கேட்டாள்.

இரண்டு நாள் இரத்தினம்மா புருசனோடு கதைக்கவில்லை. அலையாய் அலைந்து தேடிய சம்பந்தம், ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் போய்விட்டது. மாஸ்டரோ தானே அவித்துத் தானே குடித்து, "பாத்தீரோ, எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை," என்றார். அவள் சட்டியை நங்கென்று அடுப்பில் வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை கலியாணத் தரகர் ஏரம்பு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தெரியும் ஏரம்பண்ணை. வேண்டாமெண்டு சொல்லியிருப்பினம்," என்றாள் இரத்தினம்மா.

"இல்லைத் தங்கச்சி, சம்மதமாம். கெதியா நாள் வைக்கட்டாம். மாஸ்டர் மட்டும் வெளியிலை ஒண்டும் கதைக்க வேண்டாமாம்."

"என்னத்தைக் கதைக்கிறது? அவை பொம்பிளையையே பாக்கேல்லை. கோவிச்சுக்கொண்டெல்லோ எழும்பிப் போனவை!"

ஏரம்பு குரலைத் தாழ்த்தினார்.

"கோவமில்லைத் தங்கச்சி, வெக்கம். மூண்டு பேரும் காய்ச்சலோடைதான் வந்தவை, குளிசையை விழுங்கி மறைச்சுக்கொண்டு. மாஸ்டர் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிட்டார் எண்டுதான் ஓடினவை!"