ஏழு நாள் தாங்கும் மெஷின்

மச்சான் வீட்டுக்குப் போனாலும் சரி, அங்கே இருக்கும் வீடியோ பெட்டியில் மட்டும் கை வைப்பதில்லை என்று சோமசுந்தரம் சபதம் எடுத்துக்கொண்டார். சபதம் எடுத்த இடம் குளியலறை. அவருடைய சபதங்களெல்லாம் தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்ட பிறகுதான் வாயிலிருந்து வெளியே வரும். அடுப்படியில் மனைவி தெய்வானை இருப்பாள், அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மச்சான் என்றால் தெய்வானையின் அண்ணன் காசிவிஸ்வநாதன். அம்பாங்கில் புது வீடு வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலை புதுமனை புகுவிழா. சோமசுந்தரத்துக்கு அந்த வீட்டின் மேல் ஒரு கோபமும் இல்லை. "மாப்பிள்ள கம்ப்யூட்டர் ஆளுதானே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லி மச்சான் ஒவ்வொரு விசேஷத்திலும் அவரை ஏதாவது ஒரு பெட்டிக்குப் பின்னால் அனுப்பிவிடுவார். போன கல்யாணத்தில் மைக் செட். அதற்கு முந்தின பிறந்தநாளில் டிவி. தீபாவளியன்று ஐஸ் பெட்டி. ஊரே பந்தியில் பாயசம் குடிக்கும்போது, இவர் மட்டும் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒட்டடை அடித்துக்கொண்டிருப்பார்.

போதாக்குறைக்கு, அதே சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நண்பர் பேசிலின் மீன்பிடிப் போட்டு போர்ட் கிள்ளானிலிருந்து கடலுக்குக் கிளம்புகிறது. ஆறு மாதமாகத் தள்ளித் தள்ளிப் போன பயணம். புதுத் தூண்டில் வாங்கி, அதைத் தெய்வானைக்குத் தெரியாமல் கார் பின்பெட்டியில் ஒளித்தும் வைத்தாகிவிட்டது. எப்படியாவது பதினொரு மணிக்கு அம்பாங்கிலிருந்து தப்பியாக வேண்டும்.

சோமசுந்தரம் போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பொறுப்பில் இருந்தார். 1997-ல் கிள்ளான் முழுக்கத் தேடினாலும் அவர் செய்யும் வேலை என்னவென்று புரிந்தவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். அதில் ஒருத்தி தெய்வானை. வேறு வழியில்லை, தினமும் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடக்கும்.

"கம்ப்யூட்டருக்குப் பேர் தெரியாது தெய்வானை. நம்பர்தான் தெரியும். வெளிநாட்டுலேருந்து நம்ம கம்பெனி பேருக்கு ஒரு மெயில் அனுப்புறாங்கன்னு வச்சுக்க. அந்தப் பேருக்கு இன்ன நம்பர்னு சொல்ல ஒரு மெஷின் வேணும். அதுதான் நேம் சர்வர்."

"டெலிபோன் புக்கு."

"புக்கு சும்மா கிடக்கும். இது கேட்டா பதில் சொல்லும்."

"அதாவது என்னை மாதிரி. ரசம் ஊத்தவா?"

"ஊத்து. அது படுத்துட்டா நம்மளை ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. அதனால ரெண்டு வச்சிருக்கோம். மூலம் என் மெஷின்ல. பிரிக்பீல்ட்ஸ் காலேஜுல நம்ம சிநேகிதன் அம்புரோஸ் பாத்துக்கிற மெஷின்ல அதோட காப்பி. அது மணிக்கொரு தடவை என் மெஷினைக் கேக்கும், ஏதாச்சும் மாறியிருக்கான்னு."

"உங்க மெஷின் பதிலே சொல்லலேன்னா?"

"தன்கிட்ட இருக்கிற காப்பியை வச்சு ஏழு நாள் தாங்கும். அதுக்கப்புறம் வாயை மூடிக்கும். பழசையே சொல்லிக்கிட்டிருக்கிறதுக்குச் சும்மா இருக்கலாம்னு."

"நல்ல மெஷின். உங்க சித்தப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க."

வெள்ளிக்கிழமை அம்புரோஸே அலுவலகத்துக்குப் போன் செய்தார். "சோமு, நாளைக்கு காலேஜுல கரண்ட் கட் லா. காலையில ஆறரைலேருந்து சாயங்காலம் வரைக்கும். என் மெஷின் தூங்கிரும். உன்னுதைப் பத்திரமா பாத்துக்க."

சோமசுந்தரம் போனை வைத்துவிட்டுச் சிறிது நேரம் தனியாகச் சிரித்தார். காப்பி தூங்கப் போகிறது. மூலத்தையும் தூங்க வைத்துவிட்டால்? வீட்டிலிருந்தே மோடம் வழியாக உள்ளே போய், நேம் சர்வரை நிறுத்த ஒரே ஒரு கட்டளை போதும். முன்னால் கேட்ட பதிலை ஞாபகத்தில் வைத்திருக்கும் வெளியூர் மெஷின்களும் நாலைந்து மணி நேரத்தில் மறந்துவிடும். பதினொரு மணிக்கு அலுவலகம் அலறும், இடுப்பில் பேஜர் அடிக்கும். "அவசரம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட வேண்டியது. போகிற வழியில் அலுவலகத்தில் ஏறி அதை மறுபடி கிளப்பிவிட்டால் ஆபீசில் வீரர், கடலில் மீனவர். இப்படி ஒரு திட்டம் தன் மண்டையில் உதித்ததை அவராலேயே நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரை. மோடம் கீச்சிட்டது, உள்ளே போனார், கட்டளையை அடித்தார், எண்டரைத் தட்டினார். அதே நொடியில் லைன் அறுந்தது.

"ஏங்க, அண்ணனுக்குப் போன் போடலாம்னு எடுத்தா, உள்ள என்னமோ கீச்சுகீச்சுங்குது" என்றாள் தெய்வானை அடுப்படியிலிருந்து.

"மோடம் அது. மெயில் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அஞ்சரை மணிக்கா?"

"லண்டன்ல இப்போ ராத்திரி."

அது எப்படிப் பதிலாகும் என்று அவருக்கே தெரியவில்லை. கட்டளை போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் நின்றதா என்பதும் தெரியவில்லை. திரும்பப் பார்க்கலாம் என்றால் தெய்வானை போனை விடுவதாக இல்லை. போகட்டும் என்று குளிக்கப் போனார். குளித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்த சத்தம் கேட்டது.

"யாரு போன்ல?"

"காலையிலேருந்து எல்லாம் விசேஷம் சம்பந்தமாத்தான். சீக்கிரம் வாங்க, குத்துவிளக்கைப் பின்பெட்டியில வைக்கணும்."

அவர் ஈரத் துண்டோடு ஓடிப் போய், குத்துவிளக்கு வருவதற்கு முன்னால் தூண்டிலுக்கு மேல் கட்டிப் பழசான ஒரு கைலிச் சாரத்தைப் போட்டு மூடினார்.

அம்பாங்கில் பால் பொங்கியது. சோமசுந்தரம் ஒரு கையில் காப்பியும் மறுகையில் பேஜருமாக உட்கார்ந்திருந்தார். பத்து மணி, பத்தரை, பதினொன்று. பேஜர் ஊமையாக இருந்தது. எதிரே மச்சானின் புது வீடியோ, மணி தெரியாமல் பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண்ணடித்துக்கொண்டிருந்தது. மச்சானும் வந்துவிட்டார்.

"மாப்பிள்ள, கம்ப்யூட்டர் ஆளுதானே, இதைக் கொஞ்சம்..."

"அண்ணே, இன்னிக்கு அவரை விட்டுருங்க" என்று குறுக்கே வந்தாள் தெய்வானை. "இன்னொரு நாளைக்குச் சாவகாசமா வந்து செய்வாரு."

சோமசுந்தரத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இப்படிப்பட்டவளை ஏமாற்றிவிட்டு மீன்பிடிக்கப் போகப் பார்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் பேஜர் அடிக்கும் வரைதான். பன்னிரண்டுக்கு அது அடித்ததும் துள்ளி எழுந்து கூடத்துப் போனுக்கு ஓடினார். அடித்தவர் பேசில். போட்டு எஞ்சின் மக்கர், பயணம் அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு.

"ஆபீஸா?" என்றாள் தெய்வானை.

"தப்பா அடிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் பந்தியில் உட்கார்ந்தார். பல வருஷத்துக்குப் பிறகு பாயசம் சூடாகக் கிடைத்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எவரும் எதையும் சொல்லவில்லை. சோமசுந்தரம் கம்பெனி பேரை அடித்து நம்பரைக் கேட்டுப் பார்த்தார். பதில் உடனே வந்தது. அப்படியென்றால் அன்றைக்குக் கட்டளை போகவே இல்லை, லைன் முன்னமே அறுந்துவிட்டது என்று முடிவு கட்டினார். பதில் வந்ததே தவிர, பதில் சொன்ன மெஷின் எது என்று அவர் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தைரியமாகவே பேச்சை எடுத்தார். "நாளைக்கு மீன்பிடிக்கப் போறேன்."

"போயிட்டு வாங்க."

அவர் பத்து நிமிஷ வாதத்துக்குத் தயாராக வந்திருந்தார். அத்தனையும் வீணாயிற்று. காலையில் எழுந்தால் தயிர்சாதப் பொட்டலமும் கட்டி வைத்திருந்தாள். கையளவுப் பொட்டலம்.

"சாயங்காலம் வரைக்கும் கடல்லதான் இருப்பேன். இது பத்துமா?"

"பத்தும் பத்தும்" என்றாள்.

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஒரு கால் போட்டிலும் ஒரு கால் படியிலுமாக இருந்தவருக்குப் பேஜர் அடித்தது. அலுவலக நம்பர். படகுத்துறை ஓரத்துப் பொதுத் தொலைபேசிக்கு ஓடினார். விடியற்காலையிலிருந்து வெளியூர் மெயில் குறைந்துகொண்டே வருகிறதாம். இப்படி ஒரு கம்பெனியே கிடையாது என்று ஹாங்காங்கில் மெஷின் சொல்கிறதாம். முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டாராம்.

அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தால், அவருடைய நேம் சர்வர் ஒரு வாரமாக நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. போன சனிக்கிழமை கட்டளை ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. திரும்பக் கிளப்ப ஒரு நிமிஷம் ஆயிற்று. ஜன்னல் வழியாகப் பேசிலின் போட்டு கடலைப் பார்த்துப் போவது தெரிந்தது. தூண்டிலும் அதிலேயே போய்க்கொண்டிருந்தது.

அம்புரோஸ் வீட்டுக்குப் போன் அடித்தார். "உன் மெஷின் அன்னிக்கு கரண்ட் கட்டுல தூங்கலியா?"

"அந்தக் கரண்ட் கட்டையே கேன்சல் பண்ணிட்டாங்க லா. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு காலையிலயே உன் வீட்டுக்குப் போன் அடிச்சேன். நீ குளிக்கிறேன்னு தங்கச்சி சொல்லுச்சு. சோமு மெஷின் பதில் சொல்லல, என்னுது ஏழு நாள்தான் தாங்கும்னு விலாவாரியா சொன்னேன். சொல்றேன்னுச்சே."

வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்பது. தெய்வானை தலைவாரிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்புரோஸ் போன் பண்ணினதை ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவசரம் என்று சொல்லி அப்போதே ஓடியிருப்பார்.

"அஞ்சரை மணிக்குக் கீச்சுகீச்சு. ஆறேகாலுக்கு அம்புரோஸ் அண்ணன். ஏழு மணிக்குச் சாரத்துக்கு அடியில தூண்டில். எனக்குப் புரியாதா? சரி, திங்கக்கிழமை ஆபீஸ் போனா நீங்களே பாத்துக்குவீங்கன்னு இருந்தேன்."

"பாத்தேன். பதில் வந்துச்சு."

"யாருகிட்டேருந்து?"

அவர் தயிர்சாதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "ஒரு வாரம் போச்சு, போட்டும் போச்சு. இனிமே இன்னிக்கு என்ன செய்யறது, படுத்துத் தூங்க வேண்டியதுதான்."

"எங்க தூங்குறது? குளிச்சுட்டு வாங்க. இன்னிக்குப் பதினொரு மணிக்கு நீங்க வந்து வீடியோவைப் பாப்பீங்கன்னு அண்ணன்கிட்ட போன சனிக்கிழமையே சொல்லிட்டேன்."