பங்குனி வெயிலில் விளைந்த உருளைக்கிழங்கு

சகலை மேல் பொறாமையே கிடையாது என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் புளுகுகிறார், இல்லை அவர் மனைவிக்குத் தங்கை கிடையாது. என் மனைவி கோமதிக்குத் தங்கை உண்டு. அவளைக் கட்டியவன் பாண்டி.

பாண்டி வரும்வரை மாமனார் வீட்டில் நான்தான் ராஜா. கொடைக்கானல் மேல்மலையில் அவருக்குச் சரிவாக ஒரு துண்டு நிலம், உருளைக்கிழங்கு விவசாயம். நான் நெய்வேலியில் மைன்ஸ் வேலை, பர்மனென்ட், குவார்ட்டர்ஸ் வாசி. உரம் வாங்குவதா, மாடு வாங்குவதா, எதற்கும் "பெரிய மாப்பிள்ளையைக் கேளுங்க" என்பார்கள். (மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதுவரைதான் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டாங்கல்ல!)

பாண்டி வந்தான், எல்லாம் போச்சு. வருஷா வருஷம் பாதிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிக்கொண்டிருந்த நிலம் அது. மார்க்கெட் கிழங்கையே விதையாக நட்டதால்தான் நோய் வந்தது என்று அவன் கண்டுபிடித்தான். நோயில்லாத விதை தேடிக் கொண்டுவந்தான். வாடிய செடியைக் கண்டால் உடனே பிடுங்கினான். ஒரு போகம் உருளை, அடுத்த போகம் பூண்டு என்று மாற்றினான். சில வருஷத்தில் மூட்டை மூட்டையாக விளைந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு படம்: பாண்டியும் கிழங்கும். அதற்குக் கீழே மாமியார் கைகூப்பும் பொம்மை போடுவார். என் பிறந்தநாளுக்குக்கூட எனக்கு ஒரு பொம்மை வந்ததில்லை. வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல.

"அந்தக் குளிர்ல கல்லை நட்டாக்கூட மொளைக்கும். இங்க நட்டுக் காட்டட்டும் பாப்போம்," என்றேன் கோமதியிடம்.

"நீங்கதான் காட்டுங்களேன்," என்றாள்.

மார்கழியில் குவார்ட்டர்ஸ் பின்பக்கம், பலா மரத்துக்கு இந்தப் பக்கம், நட்டேன். டியூப் போட்டுத் தண்ணீர், கைநிறைய யூரியா. செடி இடுப்புயரம் வந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். மாமியாரிடமிருந்து கைகூப்பும் பொம்மை! அந்தப் போதையில், "பங்குனியில் அறுவடை, எல்லாரும் வாங்க" என்று எழுதிவிட்டேன்.

பாண்டி மட்டும் போன் செய்தான். "அண்ணே, ராத்திரி நல்லாக் குளிர்ந்தாத்தாண்ணே கெழங்கு பிடிக்கும். அங்க வெறும் இலைதான் வரும்."

'உனக்குப் பொறாமைடா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன். வெறும் வேர். இன்னொன்றில் கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ ஒன்று. கோமதி குறிஞ்சிப்பாடிக்குப் போயிருந்தாள். நான் பண்ருட்டிக்கு பஸ் பிடித்தேன் (டவுன்ஷிப்பில் வாங்கினால் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும்). வெள்ளைக் கிழங்காகப் பொறுக்கி வாங்கிவந்து, அவள் திரும்புவதற்குள் ஒவ்வொரு செடிக்கும் அடியில் ஆழமாகப் புதைத்தேன்.

மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்தபோது எல்லோரும் வந்து இறங்கியிருந்தார்கள். மாமனாருக்குப் பொறுக்கவில்லை, அவரே மண்வெட்டியை வாங்கிக் கொத்தினார். முதல் கொத்தில் சிவப்புக் கிழங்கு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் சிவப்பு வாங்கவே இல்லையே! இன்னும் ஆழமாகக் கொத்தினார், வெள்ளை. அடுத்த செடியிலும் மேலே சிவப்பு, கீழே வெள்ளை.

"மாப்ள! ஒரே செடியில ரெண்டு ரகம்! அதுவும் இந்த வெயில்ல!"

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நானே நம்பிவிட்டேன். பாண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவ்வளவு அழகான முகத்தை நான் பார்த்ததே இல்லை.

மாமனார் தோள் துண்டை விரித்துக் கிழங்குகளைக் கட்ட ஆரம்பித்தார். "இனி இதுதான் வெதை. இந்தப் போகம் நம்ம நெலத்துல இதையே வச்சிருவோம்."

எந்த ஊர் நோய் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ! நட்டால் பாடுபட்டுத் தேற்றிய மண் பழையபடி நாசமாகிவிடும்.

"வெதைக்கு வேணாம் மாமா. சாப்புட எடுத்துக்கினு போங்க."

"ஏன் மாப்ள, எங்களுக்குக் குடுக்க மனசில்லையா?"

"விடுங்க. அவுகளுக்கு இஷ்டமில்ல போல," என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் நிலம் போகும். பாண்டி வேறு எதிரில் நிற்கிறான். அவன் மட்டும் அங்கே இல்லையென்றால் அப்போதே சொல்லித் தொலைத்திருப்பேன். மாமனார் முடிச்சை இறுக்கினார்.

"அது பண்ருட்டி மார்க்கெட் கெழங்கு மாமா! நேத்து நான்தான் வாங்கியாந்து பொதைச்சேன்!"

மாமனார் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு ரகமுமா?"

"வெள்ளை மட்டுந்தான். செவப்பு எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

"செவப்பு நான் வச்சது," என்றாள் கோமதி பின்னாலிருந்து. "ஒரு செடியை நோண்டிப் பாத்தேன், ஒண்ணுமேயில்ல. குறிஞ்சிப்பாடியில வாங்கியாந்து, காலையில இவரு ஷிப்ட்டு போனதும் மேலாப்புல பொதைச்சேன். எப்பப் பாத்தாலும் இவ புருசன் பெருமையையே கேட்டுக்கினு இருக்கணுமா? எனக்கும் எரியாதா?"

முதலில் சிரித்தது அவள் தங்கைதான். அப்புறம் மாமனார் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாண்டி மட்டும் சிரிக்காமல் துண்டை அவிழ்த்து, ஒரு கிழங்குகூட மலைக்குப் போகாதபடி எங்கள் அடுப்படிக்குக் கொண்டுபோனான். "போண்டா போட்டுருவோம் மதினி," என்றான்.

இன்றும் மேல்மலையில் யாராவது பெருமையடித்தால், "இது மேலடுக்கா, கீழடுக்கா?" என்று கேட்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, எங்கே கூடினாலும் இந்தக் கதை உண்டு. சொல்வது பாண்டி. மாமனார் கொத்தியது, நான் உளறியது, கோமதி கத்தியது எல்லாவற்றையும் நடித்தே காட்டுவான், கூட்டம் உருண்டு புரண்டு சிரிக்கும். போன வருஷம் ஒரு வளைகாப்பில், மானம் போனது என்னுடையது, கதையையாவது நாமே சொல்வோம் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே மாமியார் கையமர்த்தினார்.

"செத்த இருங்க மாப்ள. சின்ன மாப்ள வந்துரட்டும். அவரு சொன்னாத்தான் நல்லாருக்கும்."