கழுவ வேண்டாத டம்ளர்

கித்தேரியம்மாளை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் ஒரு கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுத்த வாக்கில்தான். எழுந்து நடந்து பல நாள் ஆகியிருந்தது. ஆனால் கண் நன்றாகத் தெரிந்தது.

"அடியில தூள் ஒட்டிக் கெடக்கு" என்றாள்.

"கழுவிட்டுத்தான கொண்டாந்தேன்."

"அத டம்ளருட்ட சொல்லுங்க."

வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தேய்த்துக் கழுவித் திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். டம்ளர் சுத்தமாக இருந்தது. பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கல்யாணமான புதிதிலிருந்து அன்றுவரை அந்த வீட்டில் டம்ளர் கழுவியவன் நான். ஒரே ஒருமுறை தப்பிக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானல் மாதா கோயிலுக்குக் கீழே, மேடு தொடங்கும் இடத்தில் எங்கள் டீக்கடை இருந்தது. எங்கள் வீட்டுச் சட்டம் எளிமையானது. வாய்க்குள் போகிறது எல்லாம் அவள் சோலி. பாத்திரம் எல்லாம் என் சோலி. கல்யாணமான மறுவாரம் அவள்தான் பிரித்தாள். அப்போது எனக்கு நியாயமாகவே பட்டது. இரண்டு பேர், இரண்டு தட்டு. நான் சரியென்று தலையாட்டினேன். அதற்கப்புறம் அவள் டீக்கடை வைத்தாள்.

கொடைக்கானல் தண்ணீரைப் பற்றிக் கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. விடியற்காலையில் வாளிக்குள் கையை விட்டால், கை இருக்கிறதா என்று வெளியே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் டம்ளர் என்று நினைத்து என் கட்டைவிரலையே வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பளபளப்பாக வந்தது.

அந்த வருடம் சீசன் தொடங்கியதுமே ஏரிக்கரையில் ஒரு மனிதரைப் பார்த்தேன். கோட் போட்டவர். ஐஸ்கிரீம் தின்றார். பிறகு, அது இருந்த கூம்பையும் தின்றார். கையைத் தட்டிவிட்டு நடந்தார். கழுவ ஒன்றுமே மிச்சமில்லை. நான் அங்கேயே நின்றேன். ஆண்டவர் எனக்கென்று அனுப்பிய ஆள் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். "கித்தேரி, இனிமே இந்தக் கடையில டம்ளர் கழுவுற சோலி கெடையாது. டீ குடிச்சிட்டு டம்ளரத் தின்னுற வேண்டியதுதான்."

"யாரு?"

"குடிக்கிற ஆளு."

"அவன் டீ குடிக்கத்தான வந்தான்?"

"பிஸ்கட்டுன்னு நெனச்சுக்கிருவான்."

"பிஸ்கட்டுத் திங்கிறவன் டீயில முக்கித் திம்பான். டம்ளர எதுல முக்குவான்?"

பெரிய கண்டுபிடிப்புகளுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் வரத்தான் செய்யும். நான் செங்கல் தேடிக் கொல்லைக்குப் போனேன்.

இளவயதில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் ரொட்டி அடுப்புப் பார்த்தவன் நான். கொல்லையில் செங்கல் வைத்து ஓர் அடுப்புக் கட்டினேன். பித்தளை டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் மாவைத் தட்டிப் போர்த்திச் சுட்டெடுப்பது என் முறை. முதலில் மைதா. பார்வைக்கு அழகாக வந்தது. பேத்துப்பாறையிலிருந்து பூண்டு மூட்டையோடு தினமும் வரும் வேலப்பன் கையில் கொடுத்து டீயை ஊற்றினேன். அவன் ஒரு வாய் குடித்தான். குனிந்து பார்த்தான்.

"அண்ணே, நான் குடிக்கிறதுக்குள்ள டம்ளரு குடிச்சிருச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அடிப்பாகம் கழன்று, மீதி டீ அவன் வேட்டியில் இறங்கியது. கித்தேரியம்மாள் உள்ளேயிருந்து ஈரத்துணியை நீட்டினாள். முன்கூட்டியே நனைத்து வைத்திருந்தாள்.

அடுத்து கேழ்வரகும் கோதுமையும் கலந்தேன். வெல்லப்பாகு விட்டுப் பிசைந்தேன். ஒருமுறை சுட்டு, உள்பக்கம் முட்டையின் வெள்ளைக்கரு பூசி, மறுபடியும் சுட்டேன். இதில் டீ நின்றது. ஆறும்வரை நின்றது. வேலப்பன் குடித்துவிட்டு டம்ளரைக் கடித்தான். சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான்ணே இருக்கு. பல்லு உள்ளவன் திங்கலாம்."

கித்தேரியம்மாள் ஒரு டம்ளரை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டுவதுபோலக் கேட்டது. "ஆரு உள்ள?" என்றாள் டம்ளரிடம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது பலகாரமா, பாத்திரமா?"

"பலகாரம். வாய்க்குள்ளதான போகுது."

"அப்ப என் சோலி."

"ஒன் சோலிதான். பாத்திரமா இருந்தாத்தான் என் சோலி."

"பேச்சு மாறமாட்டீங்கள்ல?"

"மாதா மேல சத்தியம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பெரிய வெள்ளிக்கெழமை வருது. சிலுவைப்பாதை முடிஞ்சு அம்புட்டு சனமும் நம்ம கடை வழியாத்தான் எறங்கும். அன்னைக்கே ஆரம்பிச்சிருங்க. ஊருக்கே ஒரே நாள்ல தெரிஞ்சிரும்."

அவள் என் பேச்சுக்கு இவ்வளவு சுலபமாக இணங்கியதே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரம் முழுக்கச் சுட்டேன். கூடை கூடையாக டம்ளர். கண்ணாடி டம்ளர்களை எல்லாம் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டேன். வாளியைக் கவிழ்த்து வைத்தேன். பெரிய வெள்ளியன்று, நல்ல வெயில் ஏறியபின், எங்கள் கடை முன்னால் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். கல்யாணத்துக்குப் பிறகு என் கை அவ்வளவு நேரம் காய்ந்திருந்தது அன்றுதான்.

சனம் இறங்கியது. பங்குச் சாமியார் பாட்டைத் தொடங்க, பின்னால் பாடிக்கொண்டே வந்து களைத்த கூட்டம். கித்தேரியம்மாள் கடுங்காப்பியை ஊற்ற ஊற்ற, நான் கேழ்வரகு டம்ளர்களைக் கை கையாக நீட்டினேன். முதலில் குடித்து முடித்தவர், கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் லூர்துசாமி. டம்ளரைப் பலகையில் கவிழ்த்து வைத்தார்.

"அதத் தின்னுருங்க உபதேசியாரே" என்றேன்.

"எத?"

"டம்ளர. அது பலகாரம்."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னைக்கு ஒருசந்தியாச்சே, ஆரோக்கியதாசு" என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் சனத்துக்கு ஒருசந்தி. ஒருவேளைச் சாப்பாடுதான். இடையில் தண்ணீர், காப்பி குடிக்கலாம். பல்லில் படும்படி எதுவும் தின்னக்கூடாது. எனக்கு வயிற்றுப்புண் இருந்ததால், பல வருடமாக சாமியாரே எனக்கு விலக்குக் கொடுத்திருந்தார். அன்று காலையில்கூட நான்கு இட்லி தின்றிருந்தேன். ஒருசந்தி என்று ஒன்று இருப்பது தெரியும். ஆனால் டம்ளரை அதோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. வாயால் பலகாரம் என்று சொல்லிக்கொண்டு, மனசுக்குள் நான் அதை டம்ளராகவே நினைத்திருந்தேன்.

பக்கத்துவீட்டுத் தெரசம்மாள் வாய்வரை கொண்டுபோன டம்ளரைக் கீழே இறக்கினாள். "நான் காப்பி குடிக்க வந்தேன். பாவம் பண்ண வரல."

கூட்டத்தில் ஒருசந்தி இல்லாதவன் வேலப்பன் ஒருவன்தான். அவன் எங்கள் வேதமில்லை. அவனிடம் ஓடினேன்.

"நீயாவது கடிப்பா."

"இம்புட்டுப் பேரு பட்டினியா நிக்கையில நான் மட்டும் டம்ளரக் கடிக்கவாண்ணே? சத்தம் வேற கேக்கும்" என்றான். டம்ளரைத் துண்டில் முடிந்து வைத்துக்கொண்டான்.

இதற்குள் சாமியார் வந்துவிட்டார். அவரிடம் வழக்குப் போயிற்று. அவர் ஒரு டம்ளரைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"தின்னா ஒருசந்தி முறியும். திங்காமக் குடிச்சிட்டு வச்சிட்டா, இன்னைக்கு இது வெறும் பாத்திரந்தான். எல்லாரும் குடிங்க" என்றார்.

கூட்டத்துக்கு நிம்மதி. தெரசம்மாள் இரண்டாம் காப்பி கேட்டாள். கேழ்வரகு டம்ளர்கள் பலகையில் வரிசை வரிசையாகக் கவிழ்ந்தன. ஒன்றின் விளிம்பும் கடிபடவில்லை.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "கேட்டீங்களா? சாமியே சொல்லிட்டாரு. பாத்திரமாம்."

மாதா மேல் சத்தியம் செய்தவன் நான். வாளியை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்தேன். முதல் டம்ளரை முக்கிக் கழுவினேன். அது கூழானது. இரண்டாவதை மெதுவாகக் கழுவினேன். அது மெதுவாகக் கூழானது.

கித்தேரியம்மாள் குனிந்து, பலகைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். பிரித்தாள். உள்ளே எங்கள் கண்ணாடி டம்ளர்கள்.

"பரண்ல இருந்து வெள்ளனே எறக்கிட்டேன். வெரசாக் கழுவிக் குடுங்க. ஆளு நிக்குது."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன குருத்தோலை ஞாயித்துக்கெழமையே சாமிட்ட கேட்டுட்டேன்."

அன்று கழுவியதுபோல நான் என்றும் கழுவியதில்லை.

மிச்சமிருந்த கூடைகளை அவள் தொடவிடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாள் அத்தனை டம்ளரையும் உரலில் போட்டு இடித்தாள். தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்தாள். பூசை முடிந்து வந்த சனம் நின்று வாங்கித் தின்றது. தெரசம்மாள் அதை எப்படிச் செய்வது என்று கேட்டாள். கித்தேரியம்மாள் சொல்லிக்கொடுத்தாள். என் பெயர் வரவில்லை.

"மாவு சுட்டது நானு" என்றேன்.

"பலகாரம் என் சோலின்னு நீங்கதான சொன்னீங்க" என்றாள். பிறகு உரலைக் காட்டினாள். "அது பாத்திரம்."

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் ஸ்வெட்டர் விற்கிறார்கள். கேழ்வரகு டம்ளரில் ஒன்றை அவள் இடிக்காமல் எடுத்து வைத்திருந்தாள். ஊசியும் பித்தானும் போட்டுவைப்பாள். இன்றும் அலமாரியில் இருக்கிறது. எலிகூடத் தொடவில்லை.

காலையில் டீ குடித்ததும் குழாயடிக்குப் போகிறேன். தண்ணீரின் குளிர் அப்படியேதான் இருக்கிறது. கழுவி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கவிழ்க்கிறேன்.

வீட்டில் இப்போது கழுவ ஒரு டம்ளர்தான் விழுகிறது.