எட்டாம் நம்பரும் காலிஃப்ளவர் ஃப்ரைட் ரைஸும்

ஆம்பூரில் பிறந்து, ஆம்பூரில் வளர்ந்து, ஆம்பூரிலேயே இருந்துகொண்டு பிரியாணியை விட்ட ஒரே மனிதர் எட்டாம் நம்பர்தான். அவருக்கு முன்னால் யாரும் விட்டதில்லை, பின்னாலும் விடவில்லை. செத்துப்போனவர்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் விருப்பப்பட்டா விட்டார்கள்?

அவருக்கும் அப்பா அம்மா ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ரேஷன் கார்டில் அது இருந்ததாகக் கேள்வி. ஆனால் கம்பெனியில், தெருவில், ஏன், எங்கள் சர்ச்சில் பாஸ்டர் ஐயர் உட்பட எல்லாருக்கும் அவர் எட்டாம் நம்பர். காரணம் அவருடைய கால். நான் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் ஆண்கள் ஷூவுக்கு சாம்பிள் எப்போதும் எட்டாம் நம்பர் அளவில்தான் செய்வார்கள். செய்ததை ஒரு மனிதக் காலில் மாட்டி, விரல் முட்டுகிறதா, குதிகால் கழலுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆர்டர் கிடைக்கும். அந்த மனிதக் கால் பன்னிரண்டு வருடமாக இவருடையது. நீளம், அகலம், சுற்றளவு எல்லாமே அச்சில் வார்த்த எட்டு.

மற்ற நாட்களில் அவர் சாம்பிள் ரூமில் தோல் வெட்டுகிறவர். வருடத்தில் இரண்டு முறை, ஷூ வாங்கும் ஜெர்மன்காரர் வரும்போது மட்டும், ஏசி ரூமில் குஷன் நாற்காலியில் காலை நீட்டி உட்காருவார். ஜெர்மன்காரர் தரையில் மண்டியிட்டு அந்தக் காலைப் பிடித்துப் பார்ப்பார். எங்கள் மேனேஜர் சாப் கைகட்டி நிற்பார். வேறு எந்தத் தொழிலாளிக்கு இந்த பாக்கியம் கிடைக்கும் சொல்லுங்கள்.

நான் ஷிப்பிங் செக்‌ஷன் டைப்பிஸ்ட். போதாக்குறைக்கு அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தேன். அதனால் அந்தக் காலின் அட்டகாசத்தை வீட்டிலும் பார்த்தேன், ஆபீசிலும் பார்த்தேன். வீட்டுக்குள் சாக்ஸ், வெளியே ஷூ. வெறுங்காலைப் பார்த்தவர்கள் அவர் மனைவி எஸ்தர் அக்காவும் அந்த ஜெர்மன்காரரும்தான். கம்பெனி பஸ்ஸில் யாராவது மிதித்துவிடுவார்களோ என்று சீட்டின் மேலேயே சம்மணம் போட்டுக்கொள்வார். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு பெஞ்சு தூக்கக் கூப்பிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"கால் மேல விழுந்துட்டா ஜெர்மனிக்கு யாருங்க பதில் சொல்றது?" என்று ஐயரிடமே கேட்டார்.

இந்தக் கால் பிரியாணியில் வளர்ந்த கால். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகப் பிரியாணிக் கடை. ஒரு பிளேட், பிறகு 'டேஸ்ட் பாக்க' இன்னொரு பிளேட். பாய் வீட்டுக் கல்யாணம் என்றால் பத்திரிகை வருகிற வரை காத்திருக்க மாட்டார். இப்படிப் போய்க்கொண்டிருந்தவருக்கு நாற்பத்தெட்டு வயதில் சுகர் வந்தது.

"நான் டீல கூட சக்கரை கம்மிதானே போடுறேன். எனக்கு எப்படி வரும்?" என்று அக்காவிடம் சண்டைக்குப் போனார்.

எஸ்தர் அக்கா ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். "பிரியாணில சக்கரை போடாம இருந்தீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார்.

யார் சொல்லியும் கேட்கவில்லை. கட்டை விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. பாதம் பன் மாதிரி உப்பியது. அந்த நிலையில்தான் ஜெர்மன்காரர் வந்தார். ஷூ உள்ளே போகவில்லை. எட்டாம் நம்பர் பல்லைக் கடித்துக்கொண்டு திணித்துப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். ஜெர்மன்காரர் சாக்ஸைக் கழற்றி விரலைப் பார்த்தார்.

"சுகர்?" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "மீ ஆல்சோ" என்றார். "நோ ரைஸ். காலிஃப்ளவர். ஸ்மால் ஸ்மால். லைக் ரைஸ். ஃப்ரை."

அவர் போனதும் மேனேஜர் சாப் சொன்னார். "ஆறு மாசம் டைம். அடுத்த ஃபிட்டிங்குக்குள்ள கால் பழையபடி ஆவணும். ஆவலைன்னா வேற கால் பாக்க வேண்டியதுதான். நான் இன்னா பண்றது?"

மறுநாளே தேடலும் ஆரம்பித்துவிட்டது. மாதனூர் பஸ்ஸில் இறங்குகிற ஆண்களை கேட்டில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி டேப் வைத்து அளந்தார்கள். "நான் உயிரோட இருக்கும்போதே வேற கால் தேடுறாங்க தங்கச்சி" என்று என்னிடம் வந்து புலம்பினார். அக்காவுக்கு வேறு கவலை. "புண்ணு ஆறலைன்னா வெரலையே எடுத்துருவாங்கன்னு டாக்டர் சொல்றாரு. ஒம்போது வெரலை வெச்சிக்கினு எட்டாம் நம்பரா உக்கார முடியுமா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் மனிதர் பயந்தார். அந்த வாரமே பை நிறைய காலிஃப்ளவர் வந்து இறங்கியது.

அக்கா ஷிஃப்டுக்குப் போய்விடுவதால் சமையல் இவர் கையில். சமைத்ததை ருசி பார்க்க மாடியில் நான் ஒருத்தி இருந்தேன். என் தலையெழுத்து. முதல் தடவை காலிஃப்ளவரை மிக்ஸியில் போட்டு ஓடவிட்டார். வந்தது சட்னி. அதிலேயே குடமிளகாய், பீன்ஸ், சோயா சாஸ் எல்லாம் கொட்டிக் கிளறி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். "எப்படி?" என்றார். "சுவத்துல விரிசல் இருக்குது, அதுல பூசலாம்" என்றேன். கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இரண்டாம் தடவை கத்தியால் அழகாகக் கொத்தினார். வதக்கினார். எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் சட்டியை மூடி, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே தணல் போட்டுவிட்டார். ஆம்பூர்க்காரர் கை அல்லவா, தம் போடாமல் இறக்க மனம் வரவில்லை. அரை மணி கழித்துத் திறந்தால் உள்ளே வெள்ளைக் கஞ்சி. பூவுக்குள் இருந்த தண்ணீர் மொத்தமும் வெளியே வந்து, அதிலேயே வெந்து குழைந்திருந்தது.

அந்தக் கஞ்சியைக் கரண்டியால் தூக்கி வடியவிட்டுப் பார்த்தவர், "தண்ணிதான் பேஜார் பண்ணுது தங்கச்சி. ஈரத்தோலை அப்படியே வெட்டுனா ஷூ வருமா? தண்ணி போவணும்" என்றார். சொன்னபோது நானும் நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். தண்ணீரை எடுக்க அவர் காலிஃப்ளவரைக் கம்பெனிக்குக் கொண்டுவருவார் என்று கண்டேனா?

கொத்திய பூவைத் துணியில் மூட்டை கட்டி எடுத்துவந்து, சாம்பிள் ரூமில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பிரெஸ் மெஷினில் வைத்து அழுத்திவிட்டார். தண்ணீர் என்னவோ நன்றாகத்தான் வந்தது. சுவர் வரைக்கும் வந்தது. கூடவே வந்த வாசனைதான் வினை. பச்சைக் காலிஃப்ளவர் தண்ணீர் சூடான மெஷினில் பட்டால் எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வராண்டாவில் போய்க்கொண்டிருந்த மேனேஜர் சாப் நின்று மூக்கை உறிஞ்சினார். தோல் ஊரில் நாற்றம் வந்தால் யாருக்கும் காய்கறி ஞாபகம் வராது. நேராகத் தன் ரூமுக்குப் போய், தோல் பதனிட்டு அனுப்புகிற டேனரிக்கு போன் போட்டார்.

"இன்னா தோல்ங்க அனுப்புறீங்க? சரியா பதம் பண்ணாம அழுகிக் கெடக்குது. லாரி அனுப்புங்க, மொத்த லாட்டையும் திருப்பி எடுத்துக்கினு போங்க" என்று கத்திவிட்டுத்தான் சாம்பிள் ரூமுக்கு வந்தார். அங்கே எட்டாம் நம்பர் மூட்டையைப் பிரித்து, தோலில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கும் மீட்டரைக் காலிஃப்ளவரில் குத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா இது?" என்றார் சாப்.

"காலிஃப்ளவர் சாப். பதினெட்டு காட்டுது. இன்னும் கொஞ்சம் காயணும்."

சாப் மூக்கைப் பொத்திக்கொண்டார். திரும்பிப் போய் டேனரிக்கு மறுபடி போன் போட்டார். அந்த போனில் என்ன சொல்லிச் சமாளித்தார் என்பது இன்றுவரை கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

மெஷின் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆனால் பாடம் கிடைத்துவிட்டது. மறுவாரத்திலிருந்து எட்டாம் நம்பர் பூவை அரிசி அளவுக்குக் கொத்துவார். தோல் கனம் பார்க்கும் கேஜில் நாலு துண்டைப் பிடித்துப் பார்ப்பார். ஒன்று தடித்திருந்தாலும் மறுபடி கத்தி. உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஒரு முக்கு, துணியில் ஒரு பிழி, பிறகு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி விரித்து நிழலில் உலர்த்தல். "தண்ணி போவட்டும், தண்ணி போவட்டும்" என்று காக்கை விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இரும்புச் சட்டி காய்ந்து புகை வரும்போது பூண்டு, வெங்காயம், பீன்ஸ், குடமிளகாய். கடைசியில்தான் காலிஃப்ளவர். மூடி கிடையாது. இறக்கும்போதுதான் உப்பு, மிளகுத்தூள், வெங்காயத்தாள். தொட்டுக்கொள்ள மட்டும் பிரியாணிக்கு வைக்கிற அதே புளிக் கத்தரிக்காய். அதை விட அவரால் முடியவில்லை, அக்காவும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவர் முகத்தில் அன்றைக்கு ஜெர்மன் ஆர்டர் கிடைத்த களை.

நடுவில் பக்ரீத் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பெரிய டிபன் கேரியரில் பிரியாணி வந்தது. அக்கா வாங்கி உள்ளே வைப்பதற்குள் இவர் மூடியைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மனிதர் குனிந்து ஒரு இழுப்பு வாசனை பிடித்தார். உடனே தன் தட்டிலிருந்து ஒரு வாய் காலிஃப்ளவர். மறுபடி ஒரு இழுப்பு, மறுபடி ஒரு வாய். தட்டு காலியாகும் வரை இப்படியே.

"வாசனைல சுகர் இல்ல, எஸ்தரு" என்றார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு. அந்தப் பிரியாணியை நான்தான் சாப்பிட்டேன். அவ்வளவு குற்ற உணர்ச்சியோடு அவ்வளவு சாப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ஆறு மாதத்தில் சுகர் இறங்கியது. பாண்ட் இடுப்பில் நிற்கவில்லை. புண் சுத்தமாக ஆறியது. டாக்டர் விரலைத் தட்டிப் பார்த்து, இனி பயமில்லை என்றாராம். ஃபிட்டிங் நாள் காலையில் மேனேஜர் சாப், "கால் எப்படி?" என்று கேட்டதற்கு, "ஃபர்ஸ்ட் கிளாஸ் சாப், வீக்கமே இல்ல" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வழக்கம்போல யாருக்கும் காலைக் காட்டவில்லை.

அறிக்கை டைப் செய்ய நானும் அந்த ரூமில் இருந்தேன். ஜெர்மன்காரர் மண்டியிட்டார். ஷூ வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. எட்டாம் நம்பர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஜெர்மன்காரர் குதிகால் பக்கம் விரலை விட்டார். ஒரு விரல் போனது. இரண்டாவது விரலும் போனது.

"லூஸ்" என்றார். அடுத்த ஷூ. "லூஸ்." அதற்கடுத்ததும் லூஸ்.

சாப் மெல்லத் திரும்பி, ஷூவுக்கு அளவு வரைகிற பேட்டர்ன் மாஸ்டரைப் பார்த்தார். பாவம், மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது மாடல். அத்தனையும் அவர் வரைந்தது. தப்பு என்றால் ஆர்டரும் போகும், அவர் வேலையும் போகும். "நான் கரெக்டாதான் சார் வரைஞ்சேன்" என்றார், அது அவருக்கே கேட்டிருக்காது.

எட்டாம் நம்பர் தன் காலைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்கும் புரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக எட்டாக இருந்தது பிரியாணிக் கால். அது வற்றிவிட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பழி மாஸ்டர் மேல் போகும், குஷன் நாற்காலி இவருக்கு நிற்கும். நான் டைப் மெஷினில் கை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஷூவைக் கழற்றி ஜெர்மன்காரர் கையில் கொடுத்தார். "ஷூ ரைட் சார். லெக் ராங்" என்றார். "நோ ரைஸ். காலிஃப்ளவர். ஸ்மால் ஸ்மால். லைக் யூ சே."

ஜெர்மன்காரர் ஷூவைக் கீழே வைத்தார். டேப்பை எடுத்து அளந்தார். பிறகு ஆறிப்போன அந்தக் கட்டை விரலை சாக்ஸின் மேலேயே பிடித்து, டாக்டர் மாதிரியே தட்டிப் பார்த்தார்.

"பேட் எயிட்" என்றார். "வெரி குட் லெக்."

மாதனூர் பஸ்ஸில் வருகிற ஒருவரைக் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஷூ கச்சிதமாகப் பொருந்தியது. ஆர்டர் கிடைத்தது. பேட்டர்ன் மாஸ்டர் அன்று மாலை எட்டாம் நம்பரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எங்கள் எட்டாம் நம்பர் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு தோல் வெட்டப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அழுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சத்தம் கேட்டது. தட்டில் ஃப்ரைட் ரைஸோடு வந்து நின்றார், சாக்ஸ் இல்லாமல். அன்றைக்குத்தான் அந்தக் காலை நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"நம்பர் போச்சு தங்கச்சி. கால் இருக்குது. போவட்டும் வுடு, சாப்டு" என்றார்.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நான் இப்போது வேலூரில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லாத கட்டடம். போன மாதம் எனக்கும் சுகர் என்று சொல்லிவிட்டார்கள். போனில் எஸ்தர் அக்காவிடம் சொன்னேன். "அவருகிட்ட சொல்லாதீங்க அக்கா, கெளம்பி வந்துடுவாரு" என்றேன். சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் காலை கீழே கேட் திறக்கும் சத்தம். எழுபதைத் தாண்டிய மனிதர், ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து, ஒரு கையில் இரும்புச் சட்டி, இன்னொரு கையில் காலிஃப்ளவர் பை. ஐம்பத்து நாலு படி. ஒரு இடத்தில்கூட நிற்காமல், ஒரே சீராக, அந்த இரண்டு காலும் மேலே ஏறி வருவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். திறப்பதற்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெங்காயம் இன்னும் நறுக்க ஆரம்பிக்கவில்லை.