சமையலறை வழியே போன எல்லை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சிட்னியின் கிரவீனில் நாங்கள் வாங்கிய வீடு உண்மையில் இங்கிலாந்தில் இருக்கும் ஏதோ ஒரு பிரபுவுக்குச் சொந்தம். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் அனுப்பிய ஆள்தான் பாரிஷ் அங்கிள். இதை நான் முழுதாக இரண்டு வாரம் நம்பினேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. உத்தியோகம், கணினிப் பாதுகாப்பு.

மேற்கு சிட்னியில் பாரிஷ் அங்கிள் அளவுக்குப் பேசியே ஆட்களை ஓட வைத்தவர் இன்னொருவர் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இங்கிலாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அங்கே ஒரு மூலையில் கிடக்கும் குட்டிக் கிராமம் ஒன்றின் அறுநூறு வருடச் சரித்திரம் அவருக்கு மனப்பாடம். தேவாலயத்தோடு சேர்ந்த ஊருக்குப் பாரிஷ் என்று பெயர், அங்கிருக்கும் ஜமீனுக்கு மேனர் என்று பெயர். இவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும். அவருக்குப் போதாது.

டூங்கபியில் ஒரு பிறந்தநாள் விருந்து. அங்கிள் தட்டைப் பிடித்தபடி கொதித்துக்கொண்டிருந்தாராம்: "தோமஸ் திரும்பவும் பக்கத்துக் காணிக்குள்ளை ரெண்டு சால் உழுதுபோட்டான். அவன்ரை பன்றி சேமக்காலையிலை புதைகுழியளைக் கிண்டுது." வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய், கவுன்சிலுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். "ஜமீன் கோர்ட்டிலை தண்டம் போட்டாச்சு பிள்ளை. அது நடந்து ஐந்நூறு வருசம்" என்றாராம் அங்கிள், வடையைக் கடித்துக்கொண்டு.

இந்தக் கதையெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் அவரை முதலில் பார்த்தது குடிவந்த புதிதில், ஒரு சனிக்கிழமை காலை, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றபடி. தொப்பி போட்ட ஒரு பெரியவர் எங்கள் வேலிக் கம்பத்தைத் தடியால் மூன்று தட்டுத் தட்டினார். நோட்டில் ஏதோ எழுதினார். வீட்டை நிமிர்ந்து பார்த்து, இல்லையே என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எங்கள் பக்கம் ஒருவன் நோட்டும் கையுமாக வேலியைத் தட்டினால் மறுநாள் சர்வேயர் வருவார், மறுமாதம் சம்மன் வரும், பேரன் காலத்தில் தீர்ப்பு வரும். ஓடிப்போய் வீட்டுப் பத்திரத்தின் வரைபடத்தை எடுத்தேன். அதில் பாரிஷ் என்று போட்டு ஒரு பெயர் அச்சாகியிருந்தது. அது என்ன என்று இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. இங்கிலாந்தில் நிலமெல்லாம் பிரபுவுடையது, குடியானவன் அவர் தயவில் இருக்கிறவன், அவன் செத்தால் அவனிடமுள்ள சிறந்த விலங்கைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார் என்றிருந்தது. எங்கள் வீட்டில் விலங்கு என்று வந்துபோவது ஒரு பூனை. அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை.

அடுத்த சனியும் வந்தார். தட்டினார், எழுதினார், போனார். நான் குப்பைத் தொட்டிகளை வரிசையாக வேலியோரம் நிறுத்தி அரண் கட்டினேன். தேதி தெரிய அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தின் நான்கு மூலையிலும் படம் எடுத்துக்கொண்டேன். படத்தில் நான் கடத்தப்பட்டவன் மாதிரியே இருந்தேன். பேசாமல் அவரையே கேட்டுவிடலாமே என்றாள் என் மனைவி வசந்தி. கேட்டால் அவருக்கு உரிமை இருப்பதாக நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குச் சட்டம் சொன்னேன்.

மூன்றாம் சனி, அழைப்பு மணி அடித்தது. நான் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றேன். வசந்தி கதவைத் திறந்து, "வாங்க அங்கிள்" என்றாள். துரோகி.

"தம்பி, ஒரு சின்ன உதவி" என்றார் அவர், நான் நின்ற இடுக்கைப் பார்த்து. "எல்லை உங்கட குசினிக்குள்ளாலை போகுது."

சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய வரைபடத்தை விரித்தார். வெள்ளைக்காரன் இங்கே வந்ததும் தன் ஊர் மாதிரியே நிலத்தைப் பாரிஷ் பாரிஷாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கிறான். அங்கிள் கணக்குப்படி இரண்டு பாரிஷ்கள் எங்கள் அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவில் சந்திக்கின்றன. அவருடைய இங்கிலாந்துக் கிராமத்தில் வருடம் ஒருநாள் ஊரே எல்லையைச் சுற்றி நடந்து, கல் கல்லாகத் தடியால் தட்டுமாம். குறுக்கே வீடு வந்தால் அதற்குள்ளும் புகுந்து போகுமாம். "அங்கை சன்னலாலையும் ஏறிப் போவினம். எனக்கு முழங்கால் ஏலாது. கதவாலை வாறன்."

எனக்கு ஆட்டுக்குட்டிக் குரல்தான் வந்தது. "அப்புறம் வீட்ட எடுத்துக்குவாங்களா அங்கிள்?"

"ஆர்?"

"அந்தப் பிரபு."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"காணி போறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும் தம்பி. சண்டைக்குள்ளை விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். இருபது வருசத்துக்குப் பிறகு போய்ப் பாத்தன். வேலியும் இல்லை, கிணறும் இல்லை. எங்கை துவங்கி எங்கை முடியுது எண்டு சொல்ல ஒரு சனம் இல்லை. அந்த ஊரிலை வருசா வருசம் நடந்தபடியால் அறுநூறு வருசமா ஒருத்தரும் மறக்கேல்லை." மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "உங்கட வீட்டை ஆரும் எடுக்கேலாது. எல்லையைச் சொல்ல நான் இருக்கிறன். எனக்குப் பிறகுக்கு ஒரு சாட்சிதான் வேணும்."

சாட்சிக்கு மறக்காமல் இருக்க எல்லைக் கல்லில் அவன் தலையைப் பிடித்து முட்டுவது அந்த ஊர் வழக்கம். சின்னப் பிள்ளைகளின் தலையைத்தான் முட்டுவார்களாம். அவருடைய பேரப்பிள்ளைகள் "நோ அப்பப்பா" என்று சொல்லிவிட்டதால், இப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் வசந்தியைப் பார்த்தேன்.

"குனிங்க" என்றாள்.

தொட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். முட்டையை மேசையில் வைப்பதுபோல என் நெற்றியைச் சுவரில் மெல்ல வைத்து எடுத்தார்.

வீட்டை யாரும் எடுக்கவில்லை. அவர் சுவரில் மூன்று தட்டுத் தட்டி, நோட்டில் என் பெயரை எழுதி, வசந்தி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். போன மே மாதம் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காக அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை நான் எல்லை முழுக்க நடந்து முடித்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு கம்பத்தையும் விடவில்லை என்று அவரிடம் சொன்னேன்.